செல் தின்ன வேண்டிய ஓலை

செப்டெம்பர் 23, செவ்வாய்க்கிழமை. காலை 5.30 மணிக்குக் கண்டியிலிருந்து யாழ்ப்பாணப் பேருந்து புறப்பட்டது. கட்டணம் ஆயிரத்து அறுநூறு ரூபாய். யன்னலோர இருக்கை. வானம் தெளிவாக இருந்தது. கொண்டு சென்றவை: மாற்றுடைகள், மருந்துப் பெட்டி, தோட்டச் சிறு கரண்டி, தடித்த கடதாசி உறைகள், பிஸ்கட் தகரம் ஒன்றுக்குள் பஞ்சு சுற்றி வைத்த சிறிய மின்தராசு. வீட்டை விட்டு இறங்குமுன் எரிவாயுவை மூடினேன். மனைவியின் அலுமாரியில் புதிய பூச்சி உருண்டைகள் போட்டுப் பூட்டினேன். வீட்டுத் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். மனைவி தை மாதம் காலமானார். சென்ற ஆண்டு புரட்டாதியில் உடுப்பிட்டியில் ஒரு தோட்டத்தில் அவர் புதைத்துவிட்டு வந்தவற்றைத் தோண்டி எடுப்பது இந்தப் பயணத்தின் நோக்கம்.

புதைத்தவை எவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர், வேலியிலிருந்து இறக்கிய பழைய பனையோலையை எறிவதில்லை. தோட்டத்தில் கிடங்கு வெட்டித் தாழ்ப்பார்கள். அது உக்கி மண்ணோடு சேர்ந்தால் அடுத்த போகத்து வெங்காயத்துக்கு உரம். ஆனால் சில ஆண்டுகளாகச் சிலர் ஒரு குறை சொல்லி வந்தனர்: தாழ்த்த ஓலை தாழ்த்தபடியே கிடக்கிறது, இரண்டு மாரி கழிந்தும் கொத்தும்போது முழுசாக வெளியே வருகிறது. என் மனைவி பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் படிப்பித்தவர். கறையானுக்கு ஊற்றுகிற மருந்துதான் காரணம் என்று அவர் ஐயுற்றார். பனையோலை நார் மிகுந்தது. நுண்ணுயிர்களிடம் மட்டும் விட்டால் உக்குவதற்கு நெடுங்காலம் எடுக்கும். கறையானை யாழ்ப்பாணத்தில் செல் என்பார்கள். செல் வந்து அரித்தால்தான் ஓலை மண்ணாகும்.

இதை அளப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. தராசில் நிறுத்த ஓலைத் துண்டுகளை இரண்டு வகைப் பைகளில் இடுவது. ஒன்று நுளம்பு வலைத் துணியால் தைத்த பை. அதற்குள் பூச்சி நுழையாது. மற்றது அகன்ற கண்ணுடைய மீன்வலையால் தைத்த பை. அதற்குள் செல், எறும்பு, வண்டு எல்லாம் நுழையலாம். இரண்டையும் அருகருகே ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவிட்டு, பிறகு எடுத்து நிறுத்தால், இரண்டுக்குமுள்ள வேறுபாடே பூச்சி செய்த வேலை. பாதிப் பைகளை அவர் மார்கழியில் எடுத்தார். மீதியை ஓர் ஆண்டு முடிவில் எடுக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். அடுத்த மழை தொடங்குமுன் எடுத்தாக வேண்டும் என்பதனால் நான் போனேன். நான் மண் இரசாயனம் படித்தவன். பூச்சிகளைப் பற்றி அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதே அதிகம்.

தம்புள்ளை, வவுனியா வழியாகப் பாதை. வவுனியாவில் பருமனான ஒருவர் ஏறி என் பக்கத்தில் அமர்ந்தார். மகள் வீட்டிலிருந்து சாவகச்சேரிப் பக்கம் திரும்புகிறவர் என்பதைப் பத்து நிமிடத்துக்குள் அறிந்துகொண்டேன். ஓமந்தை வரைக்கும் அவர் என் மடியிலிருந்த தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, பிஸ்கட் எண்டால் பையுக்கை வைக்கலாமே. மடியிலை வைச்சுக் கஷ்டப்படுறியள்."

"பிஸ்கட் இல்லை. தராசு."

"தங்கம் நிறுக்கிறதோ?"

"இல்லை. உக்கின ஓலை நிறுக்கிறது."

அவர் தகரத்தை விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு, "கண்டியிலையிருந்து வாறியளோ, ஓலை நிறுக்க?" என்றார்.

"ஓம்."

"அப்ப மீசாலையிலை இறங்குங்கோ, நானும் இறங்கிறன். என்ரை வளவிலை ஓலையும் சருகும் முழங்காலளவுக்குக் கிடக்கு. ஆறுதலா நிறுங்கோ. நிறுத்து முடிய ஒருக்காக் கூட்டியும் விட்டிட்டுப் போனியளெண்டால் மனிசிக்குச் சந்தோசம்."

முன்னிருக்கைப் பெண் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும். அவர் உற்சாகமடைந்து கிளிநொச்சி வரை தமது வளவின் மாமரங்களைப் பற்றிக் கதைத்தார். சருகை எரிக்க வேண்டாம், மரத்தடியில் குவித்துவிடுங்கள் என்றேன். "செல் பிடிக்கும்" என்றார். பிடிக்கட்டும் என்றேன். அவர் என்னை மறுபடியும் ஒருமுறை தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு உறங்கிப்போனார்.

ஆனையிறவு கடந்து பளைக்குள் நுழைந்ததும் மண்ணின் நிறம் வெளுத்தது. பனைகளின் அடிமரத்தில் மண்கோடுகள் ஏறியிருந்தன. அவை செல் கட்டிய நடைபாதைகள். செல்கள் உயிருள்ள மரத்தைத் தின்பதில்லை. உலர்ந்த மட்டையின் வெளிப்பட்டையைத் தேடியே அந்தக் கூரையிட்ட பாதையில் ஏறுகின்றன. இதை எனக்குச் சொன்னவர் இம்முறை பக்கத்து இருக்கையில் இல்லை. கொடிகாமத்தில் இறங்கும்போது பிற்பகல் 2.10.

கொடிகாமத்திலிருந்து நெல்லியடிக்கு வேறு பேருந்து, நூற்றிருபது ரூபாய். வரணி தாண்டியதும் இருபுறமும் வெறும் வெளி. கோடையின் கடைசிக் கிழமைகளில் அந்த வெளியில் உப்பும் புல்லும் ஒரே நிறமாகிவிடுகின்றன. நெல்லியடிச் சந்தியில் முச்சக்கரவண்டி பிடித்தேன். நானூறு ரூபாய் கேட்டார், பேரம் பேசவில்லை.

"உடுப்பிட்டியிலை ஆரின்ரை வீட்டுக்கு?"

"தவராசா. வாசிகசாலைக்குப் பின்னாலை."

"ஓ, புத்துக் கிண்டுற ரீச்சர் வந்து நிக்கிற வீடு. நான்தான் அவவை ஏத்திக்கொண்டு போறனான். ஒருக்கா ஒரு புத்தைக் கண்டிட்டு ஓட்டோவை நிப்பாட்டச் சொல்லி அரை மணித்தியாலம் குந்தியிருந்து பாத்தவ. பாம்பு கிடக்கும், வாங்கோ எண்டு நான் கெஞ்சினன். இந்தமுறை அவ வரேல்லையோ?"

"இல்லை" என்றேன்.

தவராசாவுக்கு அறுபது வயதிருக்கும். மனைவி பூமணி. பிள்ளைகள் இருவர் வெளிநாட்டில். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்கிற தோட்டம், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில். என் மனைவி அவர்கள் வீட்டில்தான் தங்குவார்; ஒருமுறை நானும் கூட வந்ததுண்டு. எனக்கும் அதே அறையைத் துப்புரவு செய்து வைத்திருந்தார்கள். கிணற்றடியில் முகம் கழுவி வந்தபோது பனங்காய்ப் பணியாரமும் தேத்தண்ணியும் வைத்திருந்தது.

"மெலிஞ்சுபோனியள் சேர்" என்றார் பூமணி. அதற்குமேல் என் துக்கத்தைப் பற்றி இருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்காக அவர்களுக்கு நன்றியுடையவனாக இருந்தேன்.

பணியாரத்தைத் தின்றுகொண்டிருக்கும்போது தவராசா, "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. ரீச்சற்றை சாமானுக்கு ஒரு சேதமும் வராமல் பாத்திருக்கிறன்" என்றார்.

பூமணி அடுப்படிப் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினார். நான் பயணக் களைப்பில் இருந்தேன். நன்றி சொன்னேன்.

செப்டெம்பர் 24, புதன்கிழமை. காலை ஆறரைக்குத் தோட்டத்துக்குப் போனோம். செம்மையும் மஞ்சளும் கலந்த மண். நான்கு பக்கமும் கிளுவை வேலி. வெங்காயம் கிண்டியெடுத்த பயிர்த்தறை மாரிக்காக வெறுமையாகக் கிடந்தது. எருவுக்காக அதில் தவராசா முதல்நாள் இரவு மாடுகளைக் கட்டியிருந்தார். சாணக் குவியல்களில் சில ஏற்கெனவே உள்ளிருந்து அசைந்துகொண்டிருந்தன. காலால் ஒன்றைப் புரட்டினேன். கறுத்த வண்டுகள் அடியில் துளையிட்டுச் சாணத்தைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தன. சாணம் மேலே கிடந்து வெயிலில் காய்ந்தால் அதிலுள்ள நைதரசனின் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். வண்டு அதை வேர் எட்டும் இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. முப்பது ஆண்டுகள் நான் மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய சமன்பாடுகளில் இந்த வண்டுக்கு இடமிருக்கவில்லை. சமன்பாடு பிழையானது என்று என் மனைவி சொன்னதில்லை. அதை யார் மண்ணுக்குள் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று மட்டும் கேட்பார்.

செல் செய்யும் வேலை இதிலும் பெரியது. அடிமண்ணிலிருந்து களிமண்ணை வாயில் எடுத்து, உமிழ்நீரில் குழைத்து, மேலே கொண்டுவந்து பூசுகிறது. அது விட்டுப்போன பாதைகள் வழியே முதல் மழை மேலே ஓடி வீணாகாமல் உள்ளே இறங்குகிறது. புற்றுக்குள் அது ஒருவகைப் பூஞ்சணம் வளர்க்கிறது; நாருள்ள ஓலையை நாம் சமைப்பதுபோல் அந்தப் பூஞ்சணம் பதமாக்கிக் கொடுக்கிறது. அது ஓலையை முழுவதும் அந்த இடத்திலேயே விட்டுவிடுவதில்லை. ஒரு பங்கைப் புற்றுக்குக் கொண்டுபோய்விடும். சில நேரம் மிளகாய்க் கன்றின் வேரிலும் கை வைக்கும். இந்தக் கணக்குகளையெல்லாம் கழித்த பிறகும் மண்ணுக்கு இலாபமா என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. தோட்டத்தின் கிழக்கு மூலையில் ஒரு துண்டுக்கு மருந்து ஊற்றாமல் விடும்படி அவர் தவராசாவிடம் கேட்டிருந்தார். பைகளைப் புதைத்ததும் அந்தத் துண்டின் ஓர் ஓரத்தில்தான். இந்த ஆண்டுப் பைகள் சொல்வதைப் பார்த்து, மாரிப் பயிருக்கு முழுத் தோட்டத்துக்கும் மருந்தா, எதற்கும் இல்லையா என்று தவராசா தீர்மானிப்பதாக இருவருக்கும் பேச்சு.

பைகள் இருந்த இடத்தில் நான்கு கம்புகள் நட்டுச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. புல் ஒன்றுகூட இல்லை, கூட்டித் துப்புரவாக்கியிருந்தார்கள். கரண்டியை இறக்கினேன். இறங்கவில்லை. தவராசா மண்வெட்டியால் மேல்மண்ணைப் பெயர்த்தார். அது பாளமாக வந்தது. எறும்பு இல்லை. மண்புழுவை இந்த உலர்காலத்தில் நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் ஒரு துளைகூட இல்லாமலிருந்தது எனக்கு விளங்கவில்லை.

முதல் சோடிப் பைகள் வெளியே வந்தன. ஒவ்வொரு பையிலும் சிறு அலுமினியத் தகடு கட்டி, ஆணியால் எண் கீறுவது அவர் வழக்கம். எண் ஏழு. ஏழின் நடுவே அவர் எப்போதும் இடுகிற சிறு குறுக்குக் கோடு. மீன்வலைப் பைக்குள் ஓலை முழுதாக இருந்தது. ஈர்க்குப் பக்கத்தில் ஓரங்கள் மட்டும் சற்று அரிபட்டிருந்தன. அரித்தவை அங்கேயே கைவிட்டுப் போயிருந்தன. எல்லாப் பைகளும் அப்படியே. மரத்தடிக்குக் கொண்டுபோய் மண்ணைத் தட்டி, தராசில் வைத்தேன். சரியான நிறை உலர்த்திய பின்னர்தான் தெரியும். ஆயினும் வேறுபாடு இருந்தால் கண்ணுக்கே தெரிய வேண்டும். நுளம்பு வலைப் பைக்கும் மீன்வலைப் பைக்குமிடையே மார்கழியில் அவர் கண்டதைவிட அதிகமாக ஒன்றும் இல்லை. எட்டு ஒன்பது மாதங்களாக அங்கே எதுவும் நடந்திருக்கவில்லை.

தவராசா தராசின் எண்களைக் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தியளே? சொன்னனான்தானே. பெரிசா ஒண்டும் போகேல்லை."

"செல் ஏறேல்லையோ, தவராசா?"

"ஏறாமல் விடுமே? ரீச்சற்றை அந்தியேட்டிக்கு என்னாலை கண்டிக்கு வரேலாமல் போச்சு. மாடு கண்டு போடுற நேரம். மனசு கேக்கேல்லை. இஞ்சை வீட்டிலை ஒரு படையல் படைச்சுப்போட்டு, பின்னேரம் அவ கடைசியா நிண்ட இடத்தை ஒருக்காப் பாத்திட்டு வருவம் எண்டு இதிலை வந்தன். மேல்மண்ணை விலத்திப் பாத்தால், பை முழுக்கச் செல் மண் பூசிக் கிடக்கு. எனக்கு நெஞ்சு பத்திச்சுது. மனிசி போய் முப்பத்தோராம் நாள், அவவின்ரை சாமானை இதுகள் இருந்து தின்னுதுகள். அந்த நேரமே நெல்லியடிக்குப் போய் மருந்து வாங்கிக்கொண்டு வந்து ஊத்தினன். பிறகு மாசம் மாசம் ஊத்தினனான். ஒரு உருப்படி கிட்ட வரேல்லை." தறையைக் கையால் காட்டினார். "நான் இப்ப யோசிக்கிறன், இந்த மாரிக்கு முழுத் தறைக்கும் ஊத்துவம் எண்டு. ரீச்சற்றை ஓலையே தப்பினதெண்டால் என்ரை வெங்காயமும் தப்புமெல்லே?"

நான் தராசை அணைத்தேன். சொல்லாமல் விடுவது எளிதாக இருந்தது. உறைகளில் போட்டு எண் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு மறுநாள் புறப்படலாம். அவர் தம் கடமையைச் செய்தார் என்ற நிறைவோடு இருப்பார். முழுத் தறைக்கும் மருந்து ஊற்றுவார். என் மனைவியின் ஆய்வே அதைச் சொன்னது என்று அயலவருக்கும் சொல்வார்.

"தவராசா," என்றேன், "இந்த ஓலை தப்பியிருக்கக் கூடாது. செல் தின்னவேணும் எண்டுதான் அவ இதை வைச்சவ. எவ்வளவு தின்னுது எண்டு பாக்கத்தான் வலைப்பை."

அவர் கையிலிருந்த மண்வெட்டியின் பிடியைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"அப்ப இது...?"

"இந்தப் பைகள் கணக்குக்கு வராது."

அந்த நேரத்தில் பூமணி தேத்தண்ணிப் போத்தலோடு வந்து சேர்ந்தார். எங்கள் முகங்களைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"நான் அண்டைக்கே இந்தாளுக்குச் சொன்னனான் சேர். ரீச்சர் அதுகளுக்குப் போட்ட சாப்பாட்டைக் கொண்டுபோய் நஞ்சாக்கிறியளே எண்டு."

"நீ பேசாமல் இரு."

"பேசாமல்தானே இவ்வளவு மாசமும் இருந்தனான்."

தவராசா என்னைப் பார்க்காமல் பைகளைப் பார்த்துச் சொன்னார். "ரீச்சர் எனக்கு விளங்கப்படுத்தினவதான். மறந்துபோனன் எண்டு சொல்லேலாது. ஆனால் சேர், அது அவ இருக்கேக்கை சொன்னது. ஆள் போனாப்பிறகு, அவவின்ரை கை பட்ட சாமானைத் தின்ன விட்டிட்டுப் பாத்துக்கொண்டு இருக்கேலுமே?"

 அவர் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்.

பகல் உணவுக்கு அவர் வரவில்லை. பூமணி எனக்குச் சோறு பரிமாறினார். முருங்கைக்காய்க் கறி, கணவாய், சொதி. அரைவாசியைக்கூட என்னால் சாப்பிட முடியவில்லை. சாப்பிடச் சொல்லி அவர் வற்புறுத்தவுமில்லை.

"திருப்பி வைச்சால் என்ன, சேர்?" என்றார்.

"எனக்கு எழுபத்துமூண்டு வயசு, பூமணி. வைச்சால் எடுக்க இன்னும் ஒரு வருசம்."

"ரீச்சரும் ஒரு வருசத்துக்கு எண்டுதானே வைச்சவ" என்றார் அவர், கோப்பையை எடுத்துக்கொண்டே.

அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் கைகழுவிவிட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டு, பிற்பகல் மூன்றுமணிப் பேருந்தில் பருத்தித்துறைக்குப் போனேன்.

நுளம்பு வலைத் துணி எங்கும் கிடைக்கும்; அகன்ற கண் வலைக்குத்தான் கடற்கரைக்குப் போக வேண்டும். சந்தைக்கு அப்பால், கடலைப் பார்த்த தெருவில் ஒரு வலைக்கடை. கடைக்காரர் சுருள்களுக்கிடையில் சாரத்தை மடித்துக் கட்டியபடி வானொலி கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மீனுக்கு ஐயா?"

"மீனுக்கில்லை. ஒரு விரல் போற அளவு கண் இருந்தால் போதும். ஒரு யார் நீளம்."

"ஒரு யாரோ? ஒரு யாரிலை சூடை மீனும் பிடிபடாது. என்னத்துக்கு?"

"செல்லுக்கு."

அவர் வானொலியின் ஒலியைக் குறைத்தார். "செல்லைப் பிடிக்கவோ?"

"பிடிக்க இல்லை. உள்ளுக்கை விட."

"இவ்வளவு காலமும் வலை வாங்கின சனமெல்லாம் உள்ளுக்கை வந்தது வெளியிலை போகக் கூடாதெண்டுதான் வாங்கினது" என்றார் அவர். "ஐயாதான் முதலாள்." பழைய சுருளொன்றிலிருந்து மூன்று யார் அளவில் வெட்டி, ஒரு யாருக்கு மட்டும் பணம் வாங்கினார். "செல்லெண்டால் கனக்க வருங்கள். ஒரு யார் போதாமல் போயிடும்."

திரும்பும் பேருந்துக்கு நேரம் இருந்தது. இறங்குதுறையின் கற்களில் சிறிது நேரம் அமர்ந்தேன். கால் உளைந்தது. படகுகள் கரையில் கவிழ்த்துக் கிடந்தன. இரண்டு பேர் ஒரு படகின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தனர். கடலைப் பற்றிச் சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. அது அங்கே இருந்தது.

செப்டெம்பர் 25, வியாழக்கிழமை. விடிந்து நான் எழும்பியபோது தவராசா முற்றத்தில் இல்லை. தோட்டத்துக்குப் போனேன். கிழக்குத் துண்டின் மறு ஓரத்தில், கம்புகள் நட்ட இடத்திலிருந்து சுமார் இருபது அடிக்கு அப்பால், இடுப்பளவு கிடங்கில் நின்று வெட்டிக்கொண்டிருந்தார். அருகில், கெட்டி மண்ணைப் பெயர்க்கிற அலவாங்கு கிடந்தது. அது அவருக்குத் தேவைப்படவில்லை என்பது மண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"வாங்கோ சேர். இது நான் போன மாரிக்கு முதல் தாட்ட வேலி ஓலை. ரீச்சர் சொன்னபடி இந்தப் பக்கம் மருந்து ஊத்தேல்லை. பாருங்கோ."

இறங்கிப் பார்த்தேன். ஓலை என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. சில ஈர்க்குகள் தொட்டதும் ஒடிந்தன. மற்றதெல்லாம் கறுத்த துகளாகி மண்ணோடு கலந்திருந்தது. கையில் அள்ளிய மண் உருண்டையாக நின்று, அழுத்தியதும் பருக்கைகளாக உதிர்ந்தது. கிடங்கின் சுவரில் மேலிருந்து கீழ்வரை விரல் தடிப்புள்ள குழாய்கள் இறங்கின. ஒரு குழாயில் வெளிறிய செல்கள் வெளிச்சத்துக்கு அஞ்சி உள்ளே திரும்பிக்கொண்டிருந்தன.

"இது கணக்குக்கு வருமோ?" என்றார்.

"வராது, தவராசா. தாட்ட ஓலையை நிறுக்கேல்லை. எவ்வளவு போச்சுது எண்டு சொல்லேலாது."

"உங்களுக்கு வராட்டி விடுங்கோ. எனக்கு இதுவே காணும்." கிடங்கின் விளிம்பைப் பிடித்து மேலே ஏறினார். "ஆனால் உள்ளதைச் சொல்லவேணும். இந்தப் பக்கம் வைச்ச மிளகாய்க் கண்டிலை கொஞ்சம் செல் அரிச்சுத்தான் போனது. முழுத் தறையையும் விட எனக்குத் துணிவில்லை. இந்த மாரிக்குப் பாதிக்கு ஊத்தமாட்டன். மற்றப் பாதி பாப்பம்."

என் மனைவியாயிருந்தால் இந்தப் பாதியை முக்காலாக்க ஒரு மணி நேரம் வாதாடியிருப்பார். நான் சரி என்றேன்.

பைகளைத் தைப்பதற்குப் பூமணி தமது தையல் இயந்திரத்தைத் தந்தார். கடைசியில் அவரே தைத்தார், ஏனெனில் என் தையல் பிரிந்து வந்தது. தவராசா வீட்டு வேலியிலிருந்து ஓலை இறக்கிக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றாக வெட்டி, நிறுத்து, பைக்குள் இட்டேன். அலுமினியத் தகடுகளில் ஆணியால் எண் கீறினேன். ஏழு வந்தபோது நடுவே குறுக்குக் கோட்டை இட்டேன். பழைய பைகளின் எண்களும் புதியவற்றின் எண்களும் ஒரே முறையில் இருப்பது நல்லது. மருந்து படாத ஓரத்தில், ஒரு சாண் ஆழத்தில், சோடி சோடியாக வைத்து மூடினோம். கம்பு நடத் தவராசா வந்தார். கூட்ட வேண்டாம், புல் வளரட்டும் என்றேன்.

"செல் ஏறினால்?"

"விடுங்கோ."

"ஓம்" என்றார். பிறகு, "நான் இந்தப் பக்கமே வராமல் இருக்கிறன். அதுதான் நல்லது" என்றார்.

"அப்பாடா" என்றார் பூமணி. "நான் பாத்துக்கொள்ளுறன்."

பழைய பைகளை என்ன செய்வது என்று அவர்கள் கேட்கவில்லை. நானே எடுத்து, நச்சு மருந்து பட்டவை ஆகையால் தடித்த உறையில் போட்டு ஒட்டினேன். தகடுகளை மட்டும் கழற்றிக் கழுவித் தராசுத் தகரத்தில் வைத்துக்கொண்டேன். பகல் பன்னிரண்டுக்கு நெல்லியடி. கொடிகாமத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கண்டிப் பேருந்து. இம்முறை பக்கத்து இருக்கை மாங்குளம் வரை வெறுமையாக இருந்தது. தகரத்தை அதில் வைத்தேன்.

கண்டியில் மழை பெய்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டுப் பின்வளவில் கராம்பு மரத்தின் கீழ் சருகு தங்குவதில்லை. விழுந்ததை ஈரமும் பூச்சியும் சில மாதங்களில் முடித்துவிடுகின்றன. அதை இயல்பு என்று எண்ணியே இவ்வளவு காலமும் அந்த மரத்தடியில் நடந்திருக்கிறேன். உடுப்பிட்டியில் அதே வேலைக்கு மழை வருவது ஆண்டில் சில மாதங்கள்தாம். எஞ்சிய மாதங்களில் செல்லைத் தவிர வேறு ஆளில்லை. வீட்டுக்குள் நுழைந்தபோது பூச்சி உருண்டையின் மணம் படிக்கட்டு வரை வந்திருந்தது. மேலே போகாமல் கூடத்துக் கதிரையில் உறங்கினேன்.

இன்னும் செய்யாதவை:

மார்கழிப் பைகளின் நிறைகளைத் தமிழில் எழுதித் தவராசாவுக்கு அனுப்புவது.

புறப்படும்போது பூமணி கேட்ட கறுவாக் கன்றை அனுப்புவது.

சாவகச்சேரிக்காரரின் வளவை ஒருமுறை பார்ப்பது.

முச்சக்கரவண்டிக்காரருக்கு, ரீச்சர் ஏன் வரவில்லை என்று சொல்வது.

அலுமாரியைத் திறந்து, பூச்சி உருண்டைகளை வெளியே எடுப்பது.